முள் நிற்கும் இடத்தில் எழுதியவர்கள்

சொன்னதையே யாராவது திரும்பச் சொன்னால் எங்கள் அத்தைக்குப் பிடிக்காது. "கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி அதையே சொல்லாத" என்று வாயை அடைத்துவிடுவாள். ரெக்கார்டில் கீறல் என்றால் கெட்டது என்பதுதான் இசைத்தட்டைப் பற்றி நான் படித்த முதல் பாடம். பிளேட்டை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். உறையிலிருந்து உருவும்போது விரல் படக்கூடாது. முள்ளை இறக்கும்போது கை நடுங்கக்கூடாது. பதினோரு வயது வரை அந்தப் பெட்டியைத் தொடவே எனக்கு அனுமதி கிடையாது.

அப்படி வளர்ந்தவனுக்கு, வேண்டுமென்றே ஒருவர் கீறிவிட்டுப் போன ரெக்கார்டைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

பார்த்த இடம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்து அல்லிக்குளம் வளாகம். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோன பிறகு அங்கிருந்த வியாபாரிகள் இடம் மாறி உட்கார்ந்த கட்டடம். அங்கே பழைய ரெக்கார்டு விற்கும் பாய் ஒருவரிடம் பல வருடங்களாகப் போய்வருகிறேன். எந்தப் பிளேட்டை எடுத்தாலும் அவர் முதலில் செய்வது ஒன்றுதான். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, பிளேட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்தைச் சாய்வாக விடுவார்.

"நேரா பாத்தா எல்லா பிளேட்டும் புதுசுதான் தம்பி. சாய்ச்சுப் பாக்கணும்."

அன்றைக்கு அவர் சாய்த்தது 70-களில் இங்கிலாந்தில் அச்சான ஓர் எல்.பி., அதாவது பெரிய இசைத்தட்டு. முள் ஓடும் பள்ள வரிகளில் கீறல் எதுவும் இல்லை. ஆனால் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் அந்த வழவழப்பான கறுப்பு வளையத்தில் ஏதோ மின்னியது. எறும்பு ஊர்ந்த தடம் போல இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கையெழுத்து. ஆங்கிலத்தில், கொஞ்சம் கோணலாக, "ஏ போர்க்கி பிரைம் கட்" என்று எழுதியிருந்தது.

"அதுவா, ஃபேக்டரில ஏதாவது கிறுக்கியிருப்பான்" என்றார் பாய். "பாட்டு எடுக்குறதுக்கு ஒண்ணும் ஆகாது. வேணும்னா இருபது ரூபா கொறைச்சுக்கோ."

குறைக்கச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அந்த நான்கு சொற்களைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் இந்தப் போர்க்கி?

பெயர் ஜார்ஜ் பெக்கம். லிவர்பூல்காரர். 60-களில் ஃபோர்மோஸ்ட் என்ற இசைக்குழுவில் சிறிது காலம் வாசித்தவர். பிறகு பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்தில், லண்டன் சேவில் ரோ வீட்டில் இருந்த ஸ்டூடியோவில் ரெக்கார்டு வெட்டும் வேலைக்கு வந்தார். வெட்டுவது என்றால் நிஜமாகவே வெட்டுவது. ஒலிநாடாவில் இருக்கும் இசையைத் தட்டில் வரியாக இழைக்கும் வேலை. ஆங்கிலத்தில் அந்த வேலைக்கும் கறித்துண்டுக்கும் ஒரே சொல். "பிரைம் கட்" என்றால் கசாப்புக்கடையில் முதல் தரமான துண்டு. போர்க்கி என்பது பன்றிக்கறியை நினைவூட்டும் அவருடைய பட்டப்பெயர். தான் வெட்டிய தட்டுகளில், யாரும் பார்க்காத வளையத்தில், தன் கடைப் பலகையை மாட்டிவிட்டுப் போனார். சில தட்டுகளில் மறுபக்கத்தைத் திருப்பினால் "பெக்கோ டக்" என்று இருக்கும்.

அந்த வளையத்தைச் சேகரிப்பவர்கள் டெட் வாக்ஸ் என்பார்கள். செத்த மெழுகு. ஒரு காலத்தில் ஒலியைத் தடித்த மெழுகுத் தட்டில்தான் வெட்டினார்கள். பாட்டு இல்லாத பகுதி செத்த பகுதி. மெழுகு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. எனக்கு இந்தப் பெயர் பிடிக்காது. தட்டிலேயே ஒரு மனிதனின் கை நேரடியாகப் பட்ட ஒரே இடம் அது. மற்ற இடமெல்லாம் இயந்திரம் இழைத்தது.

எப்படி இழைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தக் கையெழுத்தின் அருமை தெரியும். அலுமினியத் தட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு பூசியிருக்கும். நகப்பூச்சில் இருக்கிற அதே சரக்கு. 12 அங்குல எல்.பி.க்கு 14 அங்குலத் தட்டு எடுப்பார்கள். கையாள விளிம்பு வேண்டுமே. அது கடைசல் இயந்திரம் போன்ற ஒன்றின்மேல் சுற்றும். சூடேற்றிய கூர்முள் ஒன்று இசைக்கேற்ப அதிர்ந்துகொண்டே வெளியிலிருந்து உள்ளே நகர்ந்து வெட்டும். வெட்டும்போது சுருள் சுருளாக மயிரிழை போல அரக்குச் சீவல் கிளம்பும். அதைக் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள், ஏனென்றால் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கடைசிப் பாட்டு முடிந்ததும் முள் வேகமாக உள்ளே நகர்ந்து ஒரே வட்டத்தில் மூடிக்கொள்ளும். வீட்டில் பாட்டு முடிந்து "டக்... டக்..." என்று சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்த வட்டம்.

அப்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வெட்டியவர் கையில் ஓர் ஊசியை எடுப்பார். வளையத்தில் எண்ணை எழுத வேண்டும். இந்தத் தட்டு எந்த எல்.பி., எந்தப் பக்கம், எத்தனையாவது வெட்டு என்பதற்கான எண். அடுத்து தொழிற்சாலைக்குப் போகும் தட்டில் லேபிள் கிடையாது, உறை கிடையாது. அந்த எண் ஒன்றுதான் அடையாளம். எழுதும்போது கை ஒரு மில்லிமீட்டர் வழுக்கி பாட்டு வரிக்குள் போனால் அந்தப் பக்கம் முழுவதும் வீண். திரும்ப முதலிலிருந்து வெட்ட வேண்டும். அந்த ஆபத்தில்தான் பெக்கம் எண்ணோடு நிற்காமல் நான்கு சொல் கூடுதலாக எழுதியிருக்கிறார். பெயர் போடுவதற்காக ஒருவர் எடுத்துக்கொண்ட துணிச்சல் அது.

நம்மூரில் ஓலையில் எழுதியவர்களின் நினைவு எனக்கு வராமல் இருக்காது. எழுத்தாணியும் கீறித்தான் எழுதியது. பனையோலையில் வெறும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. மையும் கரியும் தடவித் துடைத்தால்தான் எழுத்து எழும்பும். நூலை எழுதி முடித்ததும் ஏடு எழுதியவர் கடைசி ஓலையில் தன் பெயரையும், எழுதி முடித்த ஆண்டையும் மாதத்தையும், பிழை இருந்தால் பொறுக்க வேண்டும் என்ற வேண்டுதலையும் சேர்த்துவிடுவார். நூலாசிரியர் அவர் அல்ல. பாட்டு அவருடையது அல்ல. ஆனால் அவர் கை இல்லாமல் பாட்டு நம்மிடம் வந்திருக்காது. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்று பழமொழி சொல்லி அவர்களைத் திட்டுகிறோம். அந்தக் கடைசி ஓலையைப் படித்தால் திட்ட மனம் வராது.

தட்டின் கீறலில் இன்னொரு நுட்பம் உண்டு. எனக்கு அது புரிய வெகு நாளானது. அரக்குத் தட்டின் மேல் வெள்ளி தூவி, நிக்கல் முலாம் ஏற்றி உரித்தால் அதன் எதிர்ப்பிரதி கிடைக்கும். பள்ளம் மேடாகும், எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பும். தொழிலில் இதற்கு அப்பா என்று பெயர். அப்பாவிலிருந்து அம்மா, அம்மாவில் எல்லாம் நேராகிவிடும். அம்மாவிலிருந்து அச்சு எடுப்பார்கள். அதில் மீண்டும் தலைகீழ். அந்த அச்சு இரண்டின் நடுவே சூடான வினைலை வைத்து அழுத்தினால் நம் கைக்கு வரும் பிளேட்டு. ஆகவே எழுத்து பள்ளமாகவும் நேராகவும் இருந்தால் அதை அரக்கிலோ அம்மாவிலோ யாரோ எழுதியிருக்கிறார். மேடாகவும் தலைகீழாகவும் தடவுகிற விரலில் இடித்தால், அது பிந்தைய கட்டத்தில், எதிர்ப்பிரதி உலோகத்தில் கீறியது. விரல் நுனியை வைத்தே அந்த மனிதர் எந்த மேசையில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிவிடலாம். முதன்முதலில் இதைச் சோதித்துப் பார்த்த இரவு வீட்டிலிருந்த அத்தனை பிளேட்டையும் எடுத்துத் தடவிப் பார்த்தேன். இரண்டு மணி ஆகிவிட்டது.

இந்த வழக்கம் ரெக்கார்டு பிறந்தபோதே பிறந்தது. தட்டு ரெக்கார்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் 1890-களில் வெளியிட்ட தட்டுகளில் காகித லேபிளே கிடையாது. பாட்டின் பெயர், பாடியவர் பெயர், எண் எல்லாம் நடுவில் பொறித்திருக்கும். காகித லேபிள் 1900 வாக்கில்தான் வந்தது. கிராமபோன் கம்பெனி தன் ஒலிப்பதிவாளர்களைக் கப்பலேற்றி ஊர் ஊராக அனுப்பிய காலத்தில் எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு எழுத்து சேர்த்தார்கள். அந்த எழுத்து பதிவு செய்தவர் யார், தட்டு என்ன அளவு என்பதைச் சொல்லும். 1902-இல் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தா வந்து பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்த கணத்தில் அவள் ஆங்கிலத்தில் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று கணீரென்று சொல்லும் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவருக்குப் போய்த்தான் அச்சாக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்த அறிவிப்பு என்பார்கள். ஊசியால் எழுத வேண்டியதை அவள் குரலால் எழுதினாள். வெட்டியவர் ஒரு சிற்றெழுத்தில் மறைந்து நின்றார்.

எண்ணும் எழுத்தும் மட்டும் இருந்த அந்த வளையத்தில் வாசகங்கள் நுழைந்தது 70-களில் பெருகியது. அதில் எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். லெட் செப்பலின் என்ற ராக் குழு 1970-இல் வெளியிட்ட மூன்றாவது எல்.பி.யின் முதல் அச்சுகளில் அலெஸ்டர் க்ரோலியின் மாந்திரீக வாக்கியம் ஒன்று இருக்கிறது. "நீ விரும்புவதைச் செய்" என்ற பொருளில். மெம்ஃபிஸில் டெரி மேனிங் என்ற பொறியாளர் பொறித்தது. அதை வைத்துக்கொண்டு சாத்தான், சாபம் என்று கதை கட்டியவர்கள் ஏராளம். நள்ளிரவில் வேலை முடித்த களைப்பில் எழுதிய வரி போலத்தான் எனக்கு அது தெரிகிறது. அதற்கு மேல் அதில் நிற்க எனக்கு எதுவும் இல்லை.

பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் 1978 எல்.பி.யின் தொடக்க ஆங்கிலேய அச்சுகளில் ஒரு லண்டன் ஃபோன் எண் இருக்கிறது. இந்த எண்ணுக்கு ஃபோன் போட்டு இன்னாரைக் கேட்டால் உங்களுக்குச் சிறப்புப் பரிசு என்று. எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பார்த்தவர்களில் எத்தனை பேர் டயல் செய்திருப்பார்கள்? கையில் காசை எண்ணிக்கொண்டு பொது ஃபோன் பெட்டிக்குள் நிற்கும் ஒரு பதினாறு வயதுப் பையனை நான் கற்பனை செய்துகொள்வேன்.

அடுத்த வருடம் க்ளாஷ் குழுவின் "லண்டன் காலிங்" வந்தது. இரண்டு தட்டு, நான்கு பக்கம். பக்கத்துக்கு ஒரு சொல்லாகப் பொறித்திருக்கிறார்கள். நான்கையும் சேர்த்தால் "சுவர்களை இடித்துத் தள்ளு" என்று வரும். முழு வாக்கியம் கிடைக்க வேண்டுமென்றால் நான்கு பக்கத்தையும் திருப்பித் திருப்பிக் கேட்டு முடித்திருக்க வேண்டும். இந்தப் பொறுமையைக் கேட்பவரிடம் கேட்கிற உரிமை அவர்களுக்கு இருந்தது. ஸ்மித்ஸ் குழு கிட்டத்தட்ட ஒவ்வொரு தட்டிலும் எதையாவது எழுதினார்கள். 1986-இல் வந்த சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டு ஒன்றில் "திறமை கடன் வாங்கும், மேதைமை திருடும்" என்று. 80-களின் பிள்ளைகள் புது ரெக்கார்டு வாங்கினால் உறையைப் படிப்பதற்கு முன் வளையத்தைத்தான் படித்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை.

பெக்கத்தைப் பற்றிச் சொன்னால் மான்ட்டி பைத்தானின் 1973 தட்டை விட முடியாது. நகைச்சுவைக் குழுவின் தட்டு. பெக்கம் அதன் ஒரு பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தனித்தனி வரிகளை வெட்டினார். முள்ளை எங்கே இறக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து இன்றைக்கு ஒன்று கேட்கும், நாளைக்கு வேறு கேட்கும். லேபிள் இரண்டிலும் "இரண்டாம் பக்கம்" என்றே போட்டிருந்தது. வாங்கியவர்கள் தங்களிடம் இருக்கும் தட்டிலேயே கேட்காத பகுதி இருக்கிறது என்று தெரியாமல் நாள் கணக்கில் வைத்திருந்தார்கள். இடைவெளியை இருமடங்காக்கி, இரண்டு வரியும் ஒன்றில் ஒன்று இடிக்காமல் வெட்டுவதற்கு எவ்வளவு கணக்கு வேண்டும்! பாராட்டு முழுவதும் பேசியவர்களுக்குப் போனது. வெட்டியவர் வளையத்தோடு நின்றுகொண்டார்.

இவை எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது ஒரு கோழியின் கால்தடம்.

மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. மறுநாள் குழு அமெரிக்கா புறப்பட இருந்தது. அதற்கு முந்தைய இரவு அவர் தொலைக்காட்சியில் வெர்னர் ஹெர்ட்சாக் இயக்கிய ஒரு ஜெர்மன் படத்தைப் பார்த்திருந்தார். பிழைப்புத் தேடி அமெரிக்கா போய் எல்லாவற்றையும் இழக்கும் ஒருவனின் கதை. படத்தின் கடைசிக் காட்சியில் காசு போட்டால் ஆடும் கோழி ஒன்று வரும். கூண்டுக்குள் கால் மாற்றிக் கால் மாற்றி ஆடிக்கொண்டே இருக்கும், நிற்காது.

1981 அக்டோபரில் அந்தக் குழுவின் தட்டுகளை வெளியிட்ட ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ், எஞ்சியிருந்த பதிவுகளைத் திரட்டி "ஸ்டில்" என்ற இரட்டை எல்.பி.யை வெளியிட்டது. முதல் பக்க வளையத்தில் "கோழி நிற்காது" என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் "கோழி இங்கே நிற்கிறது". நடுவில் இரண்டு பக்கங்களில் எழுத்தே இல்லை. முக்கிளையாகக் கீறிய கால்தடங்கள் மட்டும், வட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டே போகின்றன.

உறையில் இரங்கல் வாசகம் போட்டிருக்கலாம். போடவில்லை. படம் பார்த்தவர்களுக்கும், அந்த இரவைப் பற்றி அறிந்தவர்களுக்கும் மட்டும் புரியும்படி ஒரு துக்கத்தைத் தட்டின் உள்ளே வைத்துவிட்டார்கள். பாட்டெல்லாம் முடிந்து முள் சும்மா சுற்றும் வட்டத்துக்கு வெளியே அந்தக் கோழி நடக்கிறது. நாம் முள்ளை எடுக்கிற வரைக்கும் நடக்கும். நான் இந்தத் தட்டை ஒரு நண்பர் வீட்டில்தான் பார்த்தேன். டார்ச்சை அணைத்துவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். எழவு வீட்டுக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துக்கப்பட்டவரின் கையைத் தொட்டுவிட்டு ஒரு ஓரமாக உட்காருவோமே, அப்படி.

பெரும்பாலான வெட்டுநர்கள் இவ்வளவு பேசவில்லை. பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அமெரிக்காவில் ப்ளூ நோட் கம்பெனியின் ஜாஸ் தட்டுகளைத் தேடுகிறவர்கள் முதலில் தேடுவது "ஆர்.வி.ஜி." என்ற மூன்று எழுத்துகளை. ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். மாலையில் நியூ ஜெர்சி ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடத்திலேயே ஒலிப்பதிவு. 1959 வரை இப்படித்தான். பதிவு செய்தவரே வெட்டவும் செய்தார். தன் கையால் செய்ததற்கு முத்திரை வைத்தார். அதே தட்டுகளில் காது போன்ற ஒரு சின்னம் இருக்கும். உண்மையில் அது ஆங்கில "பி" எழுத்து; அச்சிட்ட ப்ளாஸ்டிலைட் தொழிற்சாலையின் அடையாளம். 1966-உடன் அந்தக் காது மறைந்துவிடும். காது இருந்தால் முதல் காலத்து அச்சு என்று விலை ஏறும்.

லெட் செப்பலினின் இரண்டாவது எல்.பி.யை 1969-இல் பாப் லட்விக் வெட்டினார், வளையத்தில் "ஆர்.எல்." துடிப்பும் ஆழமும் அப்படி. ஆனால் மலிவான பெட்டியில் போட்டபோது முள் துள்ளிவிட்டது. அட்லாண்டிக் கம்பெனிக்காரர்கள் அடக்கமாக வேறு ஒன்றை வெட்டச் சொல்லிவிட்டார்கள். இன்று அந்த இரண்டு எழுத்து இருக்கும் பிரதிக்காக உலகமெங்கும் அலைகிறார்கள். உறை ஒன்றுதான், பாட்டு ஒன்றுதான். கேட்டால் தெரியும் வித்தியாசத்தை அந்தக் கீறல்தான் காட்டிக்கொடுக்கிறது.

லண்டன் தட்டு ஒன்றில் ஒருநாள் "அருண்" என்று பார்த்தேன். ஆங்கில எழுத்தில்தான், ஆனால் சந்தேகமே இல்லாமல் நம்மூர்ப் பெயர். அருண் சக்ரவர்த்தி, லண்டனில் பல காலம் வெட்டுநராக இருந்தவர். ராக் இசைத் தட்டின் ஓரத்தில் ஒரு வங்காளிப் பெயர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. அம்மாவைத்தான் கூப்பிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "நம்ம பெரியண்ணன் மகன் பேருடா" என்றாள்.

மொழியாக எழுதாமல் கணக்காக எழுதியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஹேய்ஸ் ஊரில் இருந்த இ.எம்.ஐ. தொழிற்சாலைத் தட்டுகளில், வளையத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி இடத்தில் எண். ஒன்பது மணி இடத்தில் எத்தனையாவது அம்மா. மூன்று மணி இடத்தில் ஓரிரு ஆங்கில எழுத்து. அது எத்தனையாவது அச்சு. எழுத்தை எண்ணாக மாற்றும் சாவி "கிராமபோன் லிமிடெட்" என்ற பெயரைச் சுருக்கிய பத்து எழுத்து. ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8. லிமிடெட்டைச் சுருக்கிய எல்.டி.டி.யில் நடு எழுத்து 9, கடைசி எழுத்து 0. ஜி-யும் ஆரும் சேர்ந்து இருந்தால் பன்னிரண்டாவது அச்சு. ஜி மட்டும் தனியாக இருந்தால் முதல் அச்சிலிருந்து பிறந்தது, அதற்குத்தான் போட்டி. நம் பலசரக்குக் கடைக்காரர்கள் கொள்முதல் விலையை ஒரு சொல்லின் எழுத்துகளில் ஒளித்துச் சீட்டில் எழுதிவைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதே உபாயம்.

இந்தச் சாவியைப் பாய்க்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பீட்டில்ஸ் தட்டை எடுத்து டார்ச் அடித்து நாலு தடவை விரலை மடக்கி எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, "இத்தனை வருஷமா இதைப் பாக்காம வித்திருக்கேனே தம்பி" என்றார். அவர் குரலில் நட்டக் கணக்கு இல்லை.

அந்த பீட்டில்ஸ் தட்டு இந்தியாவில் அச்சானது. கல்கத்தாவில் டம் டம். கிராமபோன் கம்பெனி 1908-இல் சியால்தாவில் தொழிற்சாலை திறந்தது. 1920-களின் கடைசியில் டம் டமுக்கு மாறியது. நம் வீடுகளில் இருந்த எச்.எம்.வி. தட்டுகளும் கொலம்பியா தட்டுகளும், கர்நாடக சங்கீதமானாலும் சினிமாப் பாட்டானாலும், அங்கே அழுத்தப்பட்டுத்தான் ரயிலேறி வந்தன. வெளிநாட்டுப் பாட்டுகளுக்கு ஹேய்ஸிலிருந்து உலோகப் பிரதிகள் கப்பலில் வரும். அதனால் டம் டம் தட்டின் வளையத்திலும் ஹேய்ஸில் எழுதிய எண் அப்படியே இருக்கும்.

பீட்டில்ஸ் என்றதும் 1967-இல் அவர்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். "சார்ஜென்ட் பெப்பர்" எல்.பி.யின் ஆங்கிலேய அச்சில், முள் சும்மா சுற்றும் அந்தக் கடைசி வட்டத்துக்குள்ளேயே பேச்சும் சிரிப்புமாக ஒரு துண்டு ஒலியை வைத்தார்கள். தானாக முள் தூக்கும் பெட்டி இருந்தால் ஒரு கணம் கேட்டு மறையும். கையால் தூக்க வேண்டிய பெட்டி என்றால் எழுந்து போய்த் தூக்கும்வரை அது ஓயாது. அதற்கு முன்னால் நாய்களுக்கு மட்டும் நன்றாகக் கேட்கும்படி 15 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு கீச்சொலி. இது எழுத்து அல்ல, ஆனால் அதே வளையத்தில் வைத்த செய்திதான்.

இந்த வேலையே இன்று மெலிந்துவிட்டது. 80-களில் அரக்குக்குப் பதில் செம்பிலேயே நேராக வெட்டும் முறை வந்தது. அதில் கையால் எழுதுவது மெழுகிலும் அரக்கிலும் எழுதுவது போல எளிதல்ல. பிறகு குறுந்தகடு. 2020 பிப்ரவரி 6 அன்று கலிபோர்னியாவில் பேனிங் ஊரிலிருந்த அப்பல்லோ தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. உலகத்தில் அரக்குத் தட்டு செய்த இடம் இரண்டே இரண்டு. அதில் ஒன்று போனது, ஜப்பானில் ஒன்று மிஞ்சியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அந்த அரக்குச் சீவலைத்தான் நினைத்தேன். வளையம் இருந்தும் எழுத ஆள் குறைந்த காலத்தில் ராக் பாடகர் ஜாக் வைட் 2014-இல் "லாசரெட்டோ" தட்டை வெளியிட்டார். சுற்றும்போது பார்த்தால் வளையத்தின் மேல் ஒரு தேவதை மிதந்து சுழலும். ட்ரிஸ்டன் ட்யூக் என்ற கலைஞர் பொறித்தது. லேபிளுக்கு அடியில்கூடப் பாட்டை ஒளித்திருந்தார்கள். அழகான வேலை. ஆனாலும் பெக்கத்தின் கோணல் கையெழுத்துக்கு முன்னால் எனக்கு அது நிற்கவில்லை.

தமிழ்த் தட்டுகளில் யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுவது இப்போது என் வழக்கமாகிவிட்டது. என்னிடம் இருக்கும் நூற்றுச் சொச்சம் தமிழ் எல்.பி., ஈ.பி. எல்லாவற்றையும் சாய்த்துப் பார்த்துவிட்டேன். எண்கள். எல்லாவற்றிலும் எண்கள் மட்டும். சில அச்சுப்பொறியால் குத்தியவை, சில கையால் கீறியவை. ஒரு பெயர் இல்லை, ஒரு வரி இல்லை. உறையில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர், படத்தயாரிப்பாளர் எல்லாரும் இருக்கிறார்கள். டம் டமில் நம் பாட்டை வெட்டியவர் யார்? தமிழ் தெரிந்தவரா? பல்லவி எங்கே முடிகிறது என்று புரிந்து வெட்டினாரா, அல்லது மீட்டர் முள் ஆடுவதை மட்டும் பார்த்து வெட்டினாரா? அவருடைய காதில் எங்கள் ஊர்ப் பாட்டு எப்படி விழுந்திருக்கும்?

போன மாதம் அல்லிக்குளத்தில் பாய் ஒரு 45-ஐ, நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டை, தனியாக எடுத்து வைத்திருந்தார். 70-களின் படப் பாட்டு, உறை கிழிந்தது, பக்கத்துக்கு இரண்டு பாட்டு.

"இதைப் பாரு. உனக்குன்னு வச்சேன்."

டார்ச்சை அவரே அடித்தார். கையால் கீறிய எண் வரிசை. நடுவில் ஒரு 3. அதன் மேல் குறுக்காக இரண்டு கோடு, அழுத்தமாக, கோபமாக இல்லாமல். பக்கத்தில், இடம் போதாததால் கொஞ்சம் மேலே தூக்கி, சின்னதாக ஒரு 8. அந்த 8-இன் மேல் வட்டம் சரியாக மூடவில்லை.

"தப்பா எழுதிட்டு திருத்தியிருக்கான்" என்றார் பாய். "பாவம், கை வலிச்சிருக்கும்."

பாட்டைப் போட்டுப் பார்க்கவா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்க பாய் என்றேன். அந்த 8-ஐ இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.